தலைமன்னாரின் இரவும் 7×50 பைனாகுலரும்

மன்னார்க் கரையில் வெள்ளி பார்த்துத் திசை அறிவது பழைய தொழிலறிவு. தலைமன்னார் ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் கிடப்பதால், துருவ வெள்ளி வடகடலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். தெற்கே சிலுவைக் கூட்டமும் முழுதாக எழும். வடக்கும் தெற்கும் இப்படி ஒரே இரவில் கைகூடுவது கடலோடிக்குப் பெரும் பேறு.

1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியபோது, கடலுக்கான பைனாகுலர் தன் இன்றைய வடிவை எட்டியிருந்தது. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இல் வகுத்த முப்பட்டக அமைப்பை, ஜெனா நகரின் சைஸ் நிறுவனம் 1894இல் செம்மையான கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் இராக்காவலுக்கு உகந்ததென நிலைபெற்ற அளவு 7×50: உருப்பெருக்கம் ஏழு மடங்கு, முன்வில்லையின் விட்டம் 50 மி.மீ.

அதன் சிறப்பு ஒரு வகுத்தலில் இருக்கிறது. ஐம்பதை ஏழால் வகுத்தால் வரும் ஏறத்தாழ 7 மி.மீ.தான் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். இருளுக்குப் பழகிய இளங்கண்ணின் பாவையும் ஏறக்குறைய அவ்வளவே விரியும். ஆதலால் வில்லை திரட்டிய ஒளி வீணாவதில்லை. இருட்டில் கரையைத் தேடியவனுக்கு உதவிய அதே கணக்கு, அறுமீனையும் ஓரியன் நெபுலாவையும் தேடுபவனுக்கும் உதவுகிறது. ஐம்பது வயதைக் கடந்தோரின் பாவை பெரும்பாலும் 5 மி.மீ. அளவே விரியும், அவர்களுக்கு 10×50 மேல். அதற்குமேல் பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் கூடவே பெருகும். சோழகம் வீசும் மாதங்களில் இந்தக் கரையில் முக்காலி இல்லாமல் 10 மடங்கையே நிலையாகப் பிடிப்பது கடினம்.

உப்புக்காற்று மற்றோர் எதிரி. ஈரம் உள்ளே புகுந்தால் வில்லையில் பூஞ்சணம் படரும். நைதரசன் நிரப்பி அடைத்த, நீர்புகாத கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பது இங்கு ஆடம்பரமாகாது.

2010 ஜனவரி 15இல் தனுஷ்கோடியிலும் வட இலங்கையிலும் சூரியன் ஏறத்தாழ பத்து நிமிடம் வளையமாகத் தெரிந்தது. அத்தகைய கிரகணத்தைப் பார்க்க, சூரிய வடிதாளை இரு முன்வில்லைகளுக்கும் வெளியே இறுகப் பொருத்த வேண்டும். அது இல்லாத பைனாகுலர் நொடியில் பார்வையைப் பறித்துவிடும்.