அரம் தின்ற சித்திரங்கள்

தெஹ்ரானுக்குத் தெற்கே இருந்த ரய் நகரம், 1220-இல் மங்கோலியர் படை புகுந்த பிறகு பழைய செழிப்புக்குத் திரும்பவே இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அதன் மண்மேடுகளைத் தேடி மண்வெட்டிகள் வந்தன. தோண்டியெடுத்தவை பாரிஸ், லண்டன், நியூயார்க் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தன.

அவற்றில் அதிகம் விரும்பப்பட்டது ‘மினாயி’ பாண்டம். காஷான் நகரக் குயவர்களின் பெருமை அது. பத்துப் பங்கு வெண்கற்பொடி, ஒரு பங்கு கண்ணாடித்தூள், ஒரு பங்கு வெண்களிமண் என்று அவர்களது மண் கலவையை, அவ்வூர்க் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301-இல் எழுதிவைத்தார். மினாயிக்காக, கண்ணாடிப்பூச்சிட்டுச் சுட்ட கிண்ணத்தின்மேல் குதிரைவீரர்களையும் அரசவையையும் பல வண்ணங்களில் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடியும் சுட்டார்கள்.

மண்ணுக்குள் கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த ஓடுகள். வாங்க வந்தவர்கள் கேட்டதோ முழுக் கிண்ணம். ஒரு கிண்ணத்தின் அடி, இன்னொன்றின் விளிம்பு, மூன்றாவதன் சுவர் என்று பொறுக்கி ஒட்டினார்கள். வளைவு பொருந்தாத இடத்தில் ஓட்டின் ஓரத்தை அரத்தால் ராவினார்கள். இடைவெளியைப் பிளாஸ்டரால் அடைத்து, அதன்மேல் முகமும் குதிரைக்காலும் புதிதாக வரைந்து, வார்னிஷ் பூசி மூடினார்கள்.

இந்த மோசடியைப் பிடிப்பது எளிதல்ல. அடிப்பகுதியில் துளைத்தெடுத்த துகளை வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு அனுப்பினால், ‘பழையது’ என்றே முடிவு வரும். அந்தத் துண்டு உண்மையிலேயே பழையதுதானே! ஆனால் புற ஊதா விளக்கில் புதுப்பூச்சு வேறு நிறமாக ஒளிரும். எக்ஸ்ரேயில் ஒட்டுகள் தெரியும். அசிட்டோனில் நனைத்த பஞ்சில் பொய் வண்ணம் கரைந்து வரும்.

உடைந்ததை ஒட்டுவதில் பிழையில்லை. ஒட்டியதை மறைத்து விற்றதுதான் குற்றம். பூசிய வண்ணத்தைக் கழுவிவிடலாம். அரம் தின்ற ஓரம் திரும்பி வராது. அந்த ஓட்டின் உண்மையான ஜோடி எங்கேனும் கிடைத்தாலும் இனி இரண்டும் பொருந்தாது. புதிதாக வரைந்த முகத்தை நம்பி 13-ஆம் நூற்றாண்டின் தலைப்பாகையைப் பற்றி எழுதுகிறவர், வியாபாரியின் கற்பனையையே வரலாறாக எழுதுகிறார்.

இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் பலர், இல்லாத சித்திரத்தை இட்டுக்கட்டாமல், ஓட்டையை வெறும் நிறத்தால் நிரப்பிவிடுகிறார்கள். அந்த வெற்றுத்திட்டைக் காட்டும் கிண்ணத்தையே நான் நம்புவேன். காஷான் குயவன் எழுதியது எதுவரை என்று அது மறைக்காமல் சொல்கிறது.