அடுப்பின் இடம்: கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலைப் பகுதியில் சமையலறை அமைப்பும் அரசுத் திட்டங்களும்

திறவுச்சொற்கள்: அடுப்பங்கரை, கல்வராயன் மலை, புகைபோக்கி, எரிவாயு, கிரைண்டர், பசுமை வீடு

முன்னுரை

2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களின் சமையலறைக்குள் அரசு மூன்று வழிகளில் நுழைந்தது. சூன் 1 முதல் விலையில்லா அரிசி வழங்கப்பட்டது. செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் 300 சதுர அடிப் பரப்பில் சூரிய ஒளி விளக்குகளுடன் கூடிய பசுமை வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவை தனித்தனித் துறைகளின் பொறுப்பில் இருந்தன. வழங்கப்பட்ட பொருள்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கொள்கை விளக்கக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. அப்பொருள்கள் வீட்டினுள் எங்கே வைக்கப்பட்டன என்பதோ அத்திட்டங்கள் எவற்றின் பொருளும் அன்று. அதனை வீட்டுப் பெண்ணே முடிவு செய்தாள்.

அம்முடிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. சமவெளியும் மலையும் ஒரே நிருவாக எல்லைக்குள் அமைந்த கள்ளக்குறிச்சிப் பகுதி அவ்வரலாற்றைக் காண ஏற்ற களமாகும். பழைய தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையை மையமாகக் கொண்ட கல்வராயன் மலையூர்களில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் பெரும்பான்மையினர். 1976இல் அரசு பொறுப்பேற்கும்வரை இம்மலை ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. ஆதலால் சாலை, பள்ளி, மின்கம்பி ஆகிய யாவும் சமவெளியைவிட இங்குப் பிந்தியே வந்தன.

புகைக்கும் ஒரு வேலை

தமிழ் இலக்கியத்தில் அடுப்பின் வடிவம் மிகத் தொன்மையானது. கலத்தைத் தாங்கும் மேடுகள் உயர்ந்த அடுப்பையும், சமைக்க ஏதுமின்மையால் அதில் காளான் பூத்திருந்த வறுமையையும் புறநானூறு காட்டுகிறது. மண்ணால் பிடித்த அதே குமிழ்கள் அண்மைக்காலம்வரை ஊர்ப்புற அடுப்புகளில் தொடர்ந்தன. அடுப்பின் இடத்தை மனையடி சாத்திரம் தென்கிழக்காகிய அக்கினி மூலையில் வகுத்தது. கோயில் மடைப்பள்ளிக்கும் அதுவே திசை. ஆயினும் ஓரறை வீட்டில் மூலைகள் நான்கே. வாயில், காற்று, படுக்கும் இடம் ஆகியவை போக எஞ்சிய மூலையே பெரும்பாலும் அடுப்புக்குக் கிடைத்தது. சாத்திரம் பேசும் மனை வேறு, ஏழையின் குடில் வேறு என்பதை வீட்டு வரலாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர்.

மலைக் குடிலில் அடுப்பின் இடத்தை முடிவு செய்ததில் புகைக்குப் பெரும் பங்குண்டு. மண் பூசிய படல் சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்ட வீட்டில், அடுப்புக்கு நேர்மேலே பரண் இருப்பது வீண் ஏற்பாடன்று. சாமை, கேழ்வரகு, அடுத்த பருவத்துக்கான விதை ஆகியவற்றில் ஈரமும் வண்டும் சேராமல் புகை காத்தது; கூரைப் புல்லைச் செல்லரிப்பினின்றும் காத்தது. புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் பகை. அதே புகைதான் தானியக் காவலும் செய்தது. சாமை குத்தும் உரலும் உலக்கையும் இடம் மிகுதியாக வேண்டுபவை என்பதால் முற்றத்திலோ தாழ்வாரத்திலோ இருந்தன. அம்மி சுவரோரம் கிடந்தது. சமவெளி வீடுகளில் ஆட்டுக்கல்லைத் தரையில் பதித்துவிட்டால் தலைமுறைக்கும் அதுவே அதன் இடம். கல் அசையாது, குழவியைச் சுழற்றும் கைதான் அசையும். வேலை செய்பவள் ஒவ்வொரு கருவியையும் தேடிச் சென்று அமர்ந்தாள். ஆகவே பழைய அடுக்களை ஓர் அறை என்பதைவிட, வீடு முழுதும் பரந்த ஒரு வேலைத்தடம் என்பதே பொருந்தும்.

புகைபோக்கி கேட்ட சுவர்

புகையை வெளியேற்றும் முயற்சி விடுதலையையொட்டிய ஆண்டுகளில் வலுப்பெற்றது. தமிழரான ஜே. சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் வார்தா நடுவமான மகன்வாடியிலிருந்து மகன் அடுப்பு வந்தது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பி. ராஜு, பல கலங்களை ஒரே தீயில் ஏற்றும் புகைபோக்கி அடுப்பை வடிவமைத்து, 1953இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அது சென்னையில் அச்சாயிற்று. ஒரு தீயால் இரு கலங்களைச் சூடாக்கும் கொடியடுப்பு தமிழ்நாட்டுப் பெண்கள் முன்பே அறிந்ததுதான். புதிதாக வந்தது புகைக்குழாய். 1983இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி 2002வரை நடத்தியது. 1985இல் தோன்றிய இந்திரா குடியிருப்புத் திட்டமும் 20 சதுர மீட்டர் வீட்டில் புகையில்லா அடுப்பை ஓர் உறுப்பாக வைத்தது.

புகைபோக்கி ஒரு பொருளாக மட்டும் வருவதில்லை. தனக்கென ஒரு சுவரையும் கேட்கிறது. வெளிச்சுவரை ஒட்டியே அடுப்பைப் போடவேண்டும். குழாய் கூரையைக் கடக்க வேண்டும். கரி அடைக்காமல் அதனைத் துப்புரவு செய்ய வேண்டும். புல் கூரையினூடே சூடான குழாய் போவது தீ அச்சத்துக்கு இடம். மேலும், பரணில் தானியம் இருக்கும் வீட்டில் புகையை வெளியே அனுப்புவதென்பது அதுவரை அது செய்த காவலை இழப்பதாகும். திட்டத்தின் சரிவுக்குத் தரக்குறைவையும் பராமரிப்பின்மையையும் காரணமாகக் கூறுவது வழக்கம். மலைவீட்டைப் பொறுத்தவரை, அடுப்பு மாறியபோது பரணுக்கு மாற்று கிடைக்கவில்லை என்பதையும் அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடையது. நகராட்சிக் குடியிருப்புகளில் அது ஆயிரக்கணக்கில் அமைக்கப்பட்டது. வீட்டைக் கட்டியவர்களே அடுப்பு, தொட்டி, அலமாரி ஆகியவற்றின் இடத்தையும், அவற்றுக்கிடையே பெண் எடுத்துவைக்கும் அடிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிட்டனர். அந்த அறை ஒருத்தி மட்டுமே நிற்கக்கூடிய அளவுக்குக் குறுகியது, அவளைத் தனிமைப்படுத்தியது என்ற குறை பின்னர் எழுந்தது. அக்குறை உண்மையே. ஆனால் வீடும் கருவியும் ஒரே வரைபடத்தில் அமைந்த பேறு தமிழ்நாட்டு ஏழைக் குடும்பத்துக்கு வாய்க்கவில்லை.

உட்கார்ந்த சமையலும் நின்ற சமையலும்

2007 முதல் மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பும் இணைப்பும் விலையின்றி வழங்கியது. 2016 மே மாதம் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. எரிவாயு தனக்கான இட ஒழுங்கைத் தானே கொண்டுவந்தது. உருளை தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு உருளையைவிட உயரத்தில், மேடைமீது இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மிகலாகாது. வீட்டு எரிவாயு காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையில் தேங்கும். எனவே தாழ்வான காற்றுவழி வேண்டும். ஆனால் அடுப்பின்மீது நேரே காற்று வீசும் சன்னலும் ஆகாது. புகையைப் போக்கச் சன்னலருகே அடுப்பை நகர்த்தியவர்கள் இப்போது அதற்கு மாறான பாடத்தைக் கேட்டனர்.

மேடை என்பது சிறு செய்தியன்று. குந்தியிருந்து சமைத்த உடல் நிற்கத் தொடங்கியது. மேடையில்லாத வீடுகளில் எரிவாயு அடுப்பு மரப்பலகையிலோ தரையிலோ அமர்ந்தது. விறகு அடுப்பு முற்றாக மறையவுமில்லை. வெந்நீர், நெடுநேரம் வேகும் பயறு, விருந்துக்குரிய பெருங்கலம் ஆகியவை வெளியடுப்புக்குப் போயின. விறகு அருகிலும் உருளை மாற்றுமிடம் தொலைவிலும் உள்ள மலையூரில் இது சிக்கனத்தின் கணக்கு. அதனைப் பழமைப்பற்று என்பது பிழை.

மின்பொருத்தி வகுத்த இடம்

கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி உருவாக்கியதாகக் கூறப்படும் மாவரைக்கும் இயந்திரம் ஆட்டுக்கல்லின் முறையைத் தலைகீழாக்கியது. கீழுள்ள கலம் சுழல, குழவி நிலைத்து நின்றது. பின்னர் வந்த மேசைக் கிரைண்டர் கல்லைத் தரையிலிருந்து பெயர்த்து, தூக்கி வைக்கக்கூடியதாக்கியது. ஆயினும் அதற்கு மின்பொருத்தியும், கழுவத் தண்ணீரும், அதிர்வைத் தாங்கும் தளமும் அருகருகே தேவை. சிறு வீட்டில் இம்மூன்றும் ஓரிடத்தில் கூடுவது அரிது. மின்பொருத்தி கூடத்துச் சுவிட்சுப் பலகையில், தண்ணீர் கொல்லையில், தளம் வேறோரிடத்தில். எனவே மிக்சியும் கிரைண்டரும் தொலைக்காட்சிக்கு அருகே கூடத்தில் குடியேறின. அரைத்த மாவையும் கழுவவேண்டிய கல்லையும் சுமந்து நடப்பது பெண்ணின் வேலையில் சேர்ந்தது. உழைப்பின் கடுமை குறைந்தது உண்மை. தோளும் மணிக்கட்டும் பெற்ற ஓய்வைச் சிறிதென்று கூற முடியாது. குறைந்ததில் ஒரு பகுதி நடையாகத் திரும்பி வந்தது என்பதே கூறத்தக்கது.

பசுமை வீட்டின் வரைபடத்தில் சமையலறைக்குத் தனி இடம் இருந்தது. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு சூரிய ஒளி விளக்கு தரப்பட்டது. சில வாட்டுகளில் எரியும் அவ்விளக்குகளுக்கான ஏற்பாடு, 500 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும் மிக்சியை ஓட்டாது. மின்வாரிய இணைப்பு பயனாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆக, ஒரே அரசின் ஒரே ஆண்டுத் திட்டங்களில் வீடு ஒரு மின்சாரத்தை நினைத்தும், கருவி வேறொரு மின்சாரத்தை நினைத்தும் அமைந்தன. 2016இல் வந்த நடுவண் அரசின் ஊரக வீட்டுத் திட்டம் குறைந்தபட்சப் பரப்பை 25 சதுர மீட்டராக்கி, தூய்மையான சமையலுக்கென ஓர் இடத்தை அதற்குள் கட்டாயமாக்கியது. இடம் ஒதுக்கப்பட்டது, பொருத்தி, மேடை, வடிகால் ஆகியவற்றை இணைத்துப் பார்ப்பது கட்டுவோர் பொறுப்பிலேயே நின்றது.

அரிசியும் இக்கதையில் பங்கு கொள்கிறது. மலையில் சாமைக்கு உரல் வேண்டும். இட்லி மாவுக்குக் கிரைண்டர் வேண்டும். அரிசியும் கிரைண்டரும் சில மாத இடைவெளியில் ஒரே குடும்ப அட்டையின்பேரில் வழங்கப்பட்டபோது, முற்றத்து உரலின் வேலை மேலும் சுருங்க வழி ஏற்பட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் சமையல் வீட்டுக்குள்ளா வெளியிலா, தனி அறை உண்டா இல்லையா என்று ஒரு கேள்வி உண்டு. எரிபொருள் எது என்று மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே குறியீட்டு எண்தான். உள்ளே எரிவாயு அடுப்பும், கொல்லையில் விறகடுப்பும், கூடத்தில் கிரைண்டரும் கொண்ட ஒரு வீட்டின் பெண், கணக்கெடுப்பாளரின் கட்டத்துக்காக அவற்றில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டியிருந்தது.