மல்கோவால், 1902: தடுப்பூசியும் இருவழிப் பொறுப்பும்

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேர் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். அவர்களுள் 19 பேர் அடுத்த சில நாட்களில் டெட்டனஸ் எனும் ரணஜன்னி கண்டு இறந்தனர். அந்த 19 பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இவர்கள் ஊசிக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் அல்லர். அரசின் சொல்லை ஏற்று முன்வந்தவர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் குடிமக்களின் பொறுப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறுத்தவர்களையே நினைவில் கொள்கின்றனர். நம்பி வந்தவர்களிடம் அரசு எவ்வாறு நடந்துகொண்டது என்பதும் அதே அளவுக்கு ஆராயப்பட வேண்டியது.

இதன் பின்னணி பம்பாயில் தொடங்குகிறது. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது. அதன் இறுதி இரு பிரிவுகளை அடுத்தடுத்து வாசிப்பது பயன் தரும். மூன்றாம் பிரிவின்படி, ஆணையை மீறும் குடிமகன் தண்டனைக்குரியவன். நான்காம் பிரிவின்படி, இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எதற்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது. பொறுப்பு முழுவதையும் ஒரு தரப்பில் சுமத்தி, மறுதரப்பை அதிலிருந்து விடுவிக்கும் அமைப்பு இது.

அச்சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதைப் புனே கண்டது. பிளேக் அதிகாரி ராண்டின் கீழ் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர், நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அழைத்துச் சென்றனர், உடைமைகளை எரித்தனர். 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். ஆயினும் அன்றைய எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. அரசின் முறைகளைக் கடுமையாகச் சாடிய திலகரே புனேயில் இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனை அமையவும் முன்னின்றார். அதே ஆண்டு மார்ச்சில், நோயாளிகளுக்குத் தொண்டாற்றும்போது தொற்றுக்கு ஆளாகி சாவித்திரிபாய் பூலே மறைந்தார். மக்களிடையே பொறுப்புணர்வு இருந்தது. அரசின்மீது நம்பிக்கைதான் இல்லை.

இதே காலத்தில் தடுப்பூசி வேறொரு வழியில் பரவியது. ஒடெசாவில் பிறந்த யூத அறிவியலாளர் வால்டெமர் ஹாஃப்கின், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பு மருந்தை 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். மூன்றாம் ஆகா கான் பலர் அறிய ஊசி போட்டுக்கொண்டு, தம் சமூகத்தாரையும் அதற்கு இணங்கச் செய்தார். 1898இல் பம்பாயில் மீண்டும் கலவரம் வெடித்தபின், அரசும் வற்புறுத்தலைப் படிப்படியாகத் தளர்த்தி, உள்ளூர்ப் பெரியவர்களின் துணையை நாடத் தொடங்கியது. ஊசி போடுவது கொள்கையளவில் தன்விருப்பமானது. மல்கோவால் மக்கள் கை நீட்டியது இந்தப் புதிய ஏற்பாட்டை நம்பித்தான்.

அந்நம்பிக்கை முறிந்தபோது அரசின் கவனம் தவறிழைத்த ஒருவரைக் கண்டுபிடிப்பதில் சென்றது. விசாரணைக் குழு, பரேல் ஆய்வகத்திலேயே மருந்து மாசுற்றதாக முடிவு செய்தது. ஹாஃப்கின் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். ஆனால் கிராமத்தில் அந்தப் புட்டியைத் திறந்தபோது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகத் தூய்மைப்படுத்தப்படாமல் பயன்படுத்தப்பட்டதும் சான்றுகளில் பதிவாகியிருந்தன. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ஆய்வும் ஹாஃப்கினுக்குச் சார்பாகவே அமைந்தது. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1907இல் லண்டன் டைம்ஸ் இதழில் அவருக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டே அவர்மீதான பழி நீங்கியது. அதே 1907இல் இந்தியாவில் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பிளேக்கால் மாண்டனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாகாணம் பஞ்சாபே. அவ்வளவு சாவுக்கும் மல்கோவாலே காரணம் என்பது மிகைக்கூற்று. எனினும் ஒரு புட்டி எங்கே மாசுற்றது என்பதைத் தெளிவுபடுத்த ஓர் அரசு ஐந்தாண்டுகள் எடுத்துக்கொண்டால், தடுப்பூசியின்மீது நம்பிக்கை வளர வாய்ப்பில்லை.

இவ்வரலாறு அங்கேயே முடியவில்லை. 2020இல் கோவிட் பரவியபோது இந்தியா கையிலெடுத்த கருவிகளுள் 1897ஆம் ஆண்டின் அதே சட்டமும் ஒன்று. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், எவரையும் தடுப்பூசிக்குக் கட்டாயப்படுத்த இயலாது என்றது. பொதுநலன் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதையும் ஏற்றது. பக்கவிளைவுகளைப் பொதுமக்களே பதிவு செய்ய வழி அமைக்குமாறும் பணித்தது. அவ்வாண்டு நவம்பரில், தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த மரணங்கள் தொடர்பான மற்றொரு வழக்கில், ஊசி தன்விருப்பமானது என்பதைச் சுட்டி, அரசை நேரடியாகப் பொறுப்பாக்க இயலாது என்று ஒன்றிய அரசு வாதிட்டது.

ஊசியை மறுப்பவர் தம்மை மட்டுமன்றி அண்டை வீட்டாரையும் இடருக்குள்ளாக்கக்கூடும்; எனவே ஊசி போட்டுக்கொள்வது தனிமனித விருப்பத்தோடு முடியாத கடமை என்னும் வாதம் வலிமையானதே. ஆனால் பிறர் நலனுக்காகவும் ஒருவர் கை நீட்டுகிறார் என்றால், அதனால் அரிதாக நேரும் தீங்கையும் அவர் தனியே சுமக்கலாகாது. ஊசிக்கு முன்பு சமூகக் கடமை என்று அழைக்கப்பட்ட செயல், தீங்கு நேர்ந்தபின் தனிப்பட்ட தெரிவாக மாறிவிட முடியாது. இந்த முரணை ஓர் அரசு எவ்வளவு நேர்மையாகத் தீர்க்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த கொள்ளைநோயில் மக்கள் அதன் அழைப்புக்குச் செவிசாய்ப்பர்.

பரேல் ஆய்வகம் 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அறிவியலாளருக்கு இழைத்த அநீதிக்கு, தாமதமாகவேனும், ஓர் ஈடு கிடைத்தது. மல்கோவாலின் 19 பேரோ இன்றும் வரலாற்று நூல்களில் ஓர் எண்ணாகவே நிற்கின்றனர்.