குகையிருளும் வௌவாலின் மாலைப்பொழுதும்

மன்னார்க் கரையில் பொழுது சாயும் வேளையில், பாழடைந்த கட்டடங்களிலிருந்து வௌவால்கள் வெளிப்படுவதைக் காணாத பிள்ளை இல்லை. "உள்ளுக்கு எந்த நேரமும் இருட்டுத்தானே சேர், பொழுதுபட்டது அதுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். தமிழ் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. தேடியபோது, கடலுக்கு அக்கரையில், மதுரையில், அவ்வினா முன்னரே ஆராயப்பட்டிருந்தமை தெரிந்தது.

ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய எம். கே. சந்திரசேகரன், 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். உயிர்களின் உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் உட்கடிகாரம் ஒன்றுண்டு. பாலூட்டிகளில் அதன் இருப்பிடம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள சிறு நரம்பணுத் திரள் என்பது 1972இல் எலிகளிடம் கண்டறியப்பட்டது. நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது ஒளியே என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஒளியே புகாத குகையிலோ?

ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன் ஆகியோருடன் அவர் செய்த சோதனை எளியது. இலைமூக்கு வௌவாலொன்றைக் குகையின் இருளில் தனிக் கூண்டில் வைத்தனர். அதற்கு வானம் தெரியாது, வெளியேற வழியுமில்லை. ஆயினும் குகைக் கூட்டம் மாலையிற் கிளம்பும் வேளையில் அதுவும் கூண்டுக்குள் பறக்கத் தொடங்கிற்று. கூட்டமில்லாத குகையில் வைத்தபோது அதன் ஓய்வும் பறப்பும் நாளுக்குநாள் சிறிது சிறிதாக விலகி, ஊர்ப்பொழுதோடு ஒட்டாமற் போயின. இம்முடிவு 1981இல் வெளியாயிற்று. வேறினத்து வௌவாலை அதே கூட்டத்தின் நடுவே அடைத்தபோது அதன் கடிகாரம் திருந்தவில்லை என்பதை 1983இல் அறிவித்தனர். தன்னினத்தின் சந்தடியே வேண்டியிருந்தது போலும்!

2013இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார், பறக்கும் வௌவாலின் மூளை நரம்பணுக்களையே கம்பியின்றிப் பதிவுசெய்தனர். மதுரையாரிடம் அன்று அத்தகைய கருவி இருக்கவில்லை. சரியான வினா இருந்தது, அதுவே பெரிதென்பேன்.

பின்னர் மதுரையில், மனிதரையும் நேரமறியாத அறையில் தனித்திருக்கச் செய்து அவர்தம் உறக்கத்தை ஆராய்ந்தனர். அதை வாசித்தபோது எங்கள் கரையோரத்தை நினைத்தேன். இரவெல்லாம் வலையோடு விழித்திருப்பவன், ஊரே விழித்து இரையும் பகலில் உறங்க முயல்கிறான். வினாவிய மாணவனும் தகப்பனோடு இரவுத்தொழிலுக்குப் போகிறவனே. வகுப்பில் தூங்கியதற்காக அவனைக் கண்டித்தவனும் நானே.

1981ஆம் ஆண்டுக் கட்டுரை நான்கே பக்கம், ஆங்கிலத்தில் உள்ளது. அதைத் தமிழில் அவனுக்கு விளக்க ஒரு பாடவேளை முழுதும் தேவைப்பட்டது. அன்று அவன் தூங்கவில்லை.