தமிழில் தனிநபர் வலைத்தளங்கள்: வரலாறும் வாசகர் கேள்விகளும்

தனிநபர் வலைத்தளம் என்பது ஒருவர் தம் பெயரில், தம் செலவில், தமக்குத் தெரிந்ததை எழுதி இணையத்தில் வைத்திருக்கும் பக்கங்களின் தொகுப்பாகும். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானும் அப்படியொரு சிறு தளம் நடத்தி வருகிறேன். தூத்துக்குடிக் கரையின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, கடற்கரைச் சொற்கள் ஆகியவை பற்றிய தளம் அது. அதற்கு வருவோரில் மாணவர்களும் உண்டு. வெளிநாட்டில் குடியேறிய நம் ஊர்க்காரர்களும் உண்டு. அவர்கள் கேட்பதில் பாதி முத்தைப் பற்றியது, மறுபாதி தளத்தைப் பற்றியது. "பழைய பக்கம் ஏன் படிக்க முடியவில்லை?", "செலவு எவ்வளவு?", "இதை எடுத்துக்கொள்ளலாமா?", "உங்களுக்குப் பிறகு இது என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு வரலாறு இருக்கிறது. இக்கட்டுரை அந்த வரலாற்றோடு சேர்த்து விடை தருகிறது.

முத்துக்குளித்துறையும் முதல் அச்சும்

புதிய கருவி ஒன்றில் தமிழை ஏற்றும் சிக்கல் நம் காலத்தில் தோன்றியது அன்று. 1554-இல் போர்ச்சுக்கல் நாட்டின் லிசுபன் நகரில் 'கார்த்தில்யா' என்ற சிறு நூல் அச்சிடப்பட்டது. அதன் மொழி தமிழ். எழுத்தோ ரோமன் எழுத்து. தமிழ் அச்செழுத்து அப்போது வார்க்கப்படவில்லை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு என்ற போர்ச்சுக்கீசியத் துறவி தமிழ் கற்றுத் தமிழில் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாகி வந்தது. 16 பக்கமே கொண்ட அந்நூல்தான் இந்திய மொழி ஒன்றில் அதன் சொந்த எழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் முதல் நூல். 1586-இல் அவருடைய 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அது தூத்துக்குடிக்குத் தெற்கே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அச்சானது என்பர். இந்த அச்சுப் பணிக்கு இக்கரைப் பரதவர்கள் பொருளுதவி செய்தனர்.

இந்நூல்களின் படி எதுவும் இக்கரையில் மிஞ்சியதாகத் தெரியவில்லை. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு நூலகத்தில் இருக்கிறது. கார்த்தில்யாவை லிசுபனிலும், அடியார் வரலாற்றை வத்திக்கான் நூலகத்திலும் 1950களில் தேடிக் கண்டவர் தனிநாயகம் அடிகள். அவரே தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியாற்றியவர். ஊரில் இல்லாமற்போனதை இங்கே பணியாற்றிய ஒருவர் கடல் கடந்து சென்று கண்டெடுக்க வேண்டியிருந்தது. வலைத்தளத்தைப் பற்றிப் பேசும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் இணையத்துக்கு வந்தது எப்படி?

உலகளாவிய வலை 1989-இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த திட்டத்தில் இருந்து பிறந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதைக் கட்டணமின்றி எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதன் பிறகே யார் வேண்டுமானாலும் தளம் அமைக்கலாம் என்ற நிலை வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது.

அந்நாளில் இணையத்தில் உரையாடிய தமிழர்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதினார்கள். கார்த்தில்யா காலத்து நிலை 440 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தது எனலாம். அதை மாற்ற முயன்றவர்களில் பலர் அயலகத் தமிழர். சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்த நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே வலையில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு' செயலியை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். அவர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வைத்தார்கள். அதன் முதல் நூல் திருக்குறள். சம்பளமோ அலுவலகமோ இல்லாமல் நடக்கும் அப்பணியே தனிநபர் தளம் நடத்துவோர்க்கு நல்ல முன்மாதிரி.

பழைய பக்கங்களில் எழுத்து ஏன் சிதைந்து தெரிகிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தத்தையே குறியேற்றம் என்கிறோம். 1990களில் தமிழுக்குப் பொது ஒப்பந்தம் வழக்கில் இல்லை. எழுத்துருச் செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களில் தம் விருப்பப்படி தமிழ் எழுத்தைப் பொருத்தினார்கள். நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. பத்துத் தளம் படிக்க வேண்டுமென்றால் பத்து எழுத்துருவைக் கணினியில் நிறுவ வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய பக்கங்கள் சிதைந்து தெரிவதற்கு இதுவே காரணம். எழுத்து அழியவில்லை, படிக்கும் சாவிதான் தொலைந்தது.

இதைச் சரிசெய்யப் படிப்படியாக முயற்சிகள் நடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும், தாம், தாப் ஆகிய குறியேற்றங்களும் வந்தன. அயலகத் தமிழரிடையே திஸ்கி பரவியது. வருபவர் எதையும் நிறுவாமலே பக்கத்தைப் படிக்கும்படி, அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி 'தேனீ' என்ற இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிறு தளங்கள் பலவற்றுக்கு அது பேருதவியாக இருந்தது.

இறுதியில் நிலைத்தது ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை என்பது அதன் கொள்கை. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'அ' என்ற எழுத்தின் எண் 2949. 'க' என்பதன் எண் 2965. 'கா' என்று எழுதினால் ககரமும் துணைக்காலும் இரண்டு எண்களாகச் சேமிக்கப்பட்டு, திரையில் ஒன்றாகக் கூட்டிக் காட்டப்படுகின்றன. விண்டோஸ் 2000 வந்த பிறகே இது சாதாரணக் கணினிகளில் பரவத் தொடங்கியது. 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தன் தர முறையாக ஏற்றது. ஒருங்குறி பரவியதால் 2003-க்குப் பிறகு தமிழ் வலைப்பூக்கள் பெருகின. தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று தோன்றியது.

சிதைந்து தெரியும் பழைய பக்கம் உங்களிடம் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று கண்டறிந்து, குறியேற்ற மாற்றியில் இட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

செலவு எவ்வளவு? பெயர் யாருக்குச் சொந்தம்?

தளத்துக்கு இரண்டு வேண்டும்: பெயர், இடம். தளப்பெயர் விலைக்கு வாங்கும் மனை போன்றது அன்று. ஆண்டு வாடகைக்கு எடுக்கும் கடை போன்றது. தவணை தவறினால் வேறொருவர் அதே பெயரை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்குரிய '.இன்' பெயர்கள் 2005 முதல் யாவருக்கும் எளிதில் கிடைக்கின்றன. பெயரைத் தமிழிலேயே வைக்கவும் இன்று வழியுண்டு. '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்ற தமிழ் ஈறுகள் நடைமுறையில் உள்ளன.

இடத்தை மாத வாடகைக்கும் எடுக்கலாம், இலவசமாகவும் பெறலாம். இலவச இடத்தில் எச்சரிக்கை தேவை. 1990களில் தனிநபர் பக்கங்களுக்குப் புகழ்பெற்ற இலவச இடம் ஜியோசிட்டீஸ். 1999-இல் யாகூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. உலகெங்கும் பல இலட்சம் பேர் எழுதிய பக்கங்கள் ஒரே நாளில் நின்றன. தன்னார்வலர்கள் முன்கூட்டியே படியெடுத்தவை மட்டுமே மிஞ்சின. இலவச இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை ஒரே இடமாகக் கொள்ள வேண்டாம் என்கிறேன்.

தளத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாமா?

மாணவர்கள் கேட்கும் முதன்மையான கேள்வி இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஓர் ஆசிரியரின் எழுத்து, அவர் வாழ்நாளிலும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமைக்குட்பட்டது. வ. உ. சிதம்பரனார் 1936-இல் தூத்துக்குடியில் மறைந்தார். ஆகவே அவருடைய நூல்களை யாரும் தட்டச்சு செய்து ஏற்றலாம். ஆனால் அவற்றுக்கு இன்று வாழும் ஒருவர் எழுதிய உரைக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை உண்டு. இணையத்தில் கிடைப்பதால் மட்டும் ஒன்று பொதுச்சொத்தாகிவிடாது. தளத்தில் உரிமக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். எடுத்தால் எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். தளம் நடத்துவோரும் தம் பக்கத்தின் அடியில் உரிமத்தைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். பிறர் படியெடுக்க அனுமதிப்பது தளத்துக்கு நட்டம் என்று நானும் முன்பு எண்ணினேன். அந்த எண்ணம் மாறிய கதையைக் கீழே சொல்கிறேன்.

எழுதியது சரி என்று எப்படி நம்புவது?

தனிநபர் தளத்துக்குப் பதிப்பாசிரியர் இல்லை, வாசகரே பதிப்பாசிரியர். "தூத்துக்குடியில் இன்றும் முத்துக்குளிக்கிறார்களா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். இல்லை. இங்கே முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். அதன் பிறகு பார்களில் சிப்பி போதிய அளவு பெருகவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. அது வேறு தொழில்நுட்பம். பிழை ஒன்றை யாரேனும் சுட்டினால், திருத்திய நாளைப் பக்கத்தின் அடியில் குறிப்பது நல்ல வழக்கம். சத்தமில்லாமல் மாற்றினால், முன்பே படித்துப் போனவரிடம் பிழை அப்படியே தங்கிவிடும்.

நடத்துபவருக்குப் பிறகு தளம் என்ன ஆகும்?

இக்கேள்விக்கு என் சொந்த அனுபவத்தையே விடையாகச் சொல்கிறேன். 2004-இல் சலாபக் காலத்தில் கடலில் மூழ்கியிருந்த ஒரு முதியவரிடம் பல மாலைகள் உட்கார்ந்து கேட்டேன். காற்றின் பெயர்களைச் சொன்னார்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். நீரோட்டத்தை நீவாடு என்றார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் குரலை ஒலிப்பதிவு செய்து, சொற்பட்டியலோடு ஓர் இலவச இடத்தில், அப்போது வழக்கிலிருந்த எழுத்துருவில் ஏற்றினேன். இரண்டு ஆண்டில் அவர் காலமானார். பிறகு என் கணினியின் வன்தட்டு பழுதாயிற்று. பக்கம் இணையத்தில்தான் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டேன். ஒருநாள் அந்த இலவச இடமும் மூடப்பட்டது. அறிவிப்பு மடல் நான் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின், எங்கள் கரையிலிருந்து சென்று வெளிநாட்டில் வாழும் ஒருவர் எழுதினார். என்னைக் கேட்காமலே அந்தப் பக்கத்தைத் தம் கணினியில் சேமித்து வைத்திருந்தாராம்; அதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். அவர் அனுப்பிய கோப்பு முழுதும் ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தது. மாற்றியில் இட்டதும் சொற்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுந்து வந்தன. பட்டியல் முழுவதும் மீண்டது. ஒலிப்பதிவை அவர் சேமிக்கவில்லை. அந்தக் குரல் இப்போது எங்கும் இல்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று படி: தளத்தில் ஒன்று, வீட்டில் தனி வட்டில் ஒன்று, வேறோர் ஊரில் உள்ளவரிடம் ஒன்று. எழுத்து ஒருங்குறியில் மட்டுமே. 1996-இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணக் காப்பகத்தில் பக்கத்தின் முகவரியை நானே இட்டுச் சேமிக்கிறேன். கடவுச்சொற்களையும் தளப்பெயரின் தவணை நாளையும் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்திருக்கிறேன். பொதுப் பயனுள்ள செய்திகளை இதுபோன்ற திறந்த கலைக்களஞ்சியத்துக்கும் தருகிறேன். இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் நடத்திவரும் நூலகம் திட்டமும் ஆவணங்களை எண்ணிமப் படிகளாக்கிப் பொதுவில் வைக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் படியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடிவுரை

முத்துக்குளித்துறையில் எழுதப்பட்ட நூல்கள் பிழைத்ததற்குக் காரணம், அவற்றின் படிகள் தொலைவில் இருந்ததே. என் சொற்பட்டியல் பிழைத்ததும் அதனால்தான். இந்தக் கரையில் சலாபத்தை நேரில் கண்டவர்கள் இப்போது மிகச் சிலரே. 1961-இல் 20 வயதாக இருந்தவர் இன்று 80-ஐத் தாண்டியவர். உங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், குரலைப் பதியுங்கள், இணையத்தில் ஏற்றுங்கள். ஏற்றிய அன்றே படி ஒன்றை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.