கல்லமேட்டுப் பல்: காவிரிப் படுகையில் வாழ்ந்த ஒரு சின்ன டைனோசர்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக வடக்கே போய்க் கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர் மாவட்டம் வந்துவிடும். நெல்வயல்கள் குறைந்து, முந்திரிக் காடுகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் தொடங்கும். பார்வைக்கு வேறாகத் தெரியும் இந்த இரண்டு நிலங்களையும் புவியியலாளர்கள் காவிரிப் படுகை என்று ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் பழைய பாறைகள் வண்டலுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கின்றன. அரியலூரில் அவை வெளியே தெரிகின்றன. 1862-லேயே பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் இப்பாறைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இங்கு கிடைக்கும் சுண்ணாம்புக்கல் கடலடியில் உருவானது. பிறகு கடல் பின்வாங்க, ஆறுகள் மண்ணையும் களிமண்ணையும் கொண்டுவந்து படியவைத்தன. அரியலூர் அருகே கல்லமேட்டில் இருப்பவை அத்தகைய படிவுகள். வயது ஏறத்தாழ 6.6 கோடி முதல் 7 கோடி ஆண்டுகள். அதாவது டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்.

2013-ல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கல்லமேட்டில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பல்லைப் பற்றி 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் எழுதினார்கள். பல்லின் விளிம்பில் இருந்த பெரிய ரம்பப் பற்களை வைத்து, அது ட்ரூடோன்டிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்றார்கள். இக்குடும்பத்தின் முதல் விலங்கான ட்ரூடோனுக்கும் 1856-ல் ஒரு பல்லை மட்டும் வைத்துத்தான் பெயர் சூட்டப்பட்டது.

இவை எப்படி வாழ்ந்தன? கல்லமேட்டுப் பல் அதைச் சொல்லாது; வெளிநாட்டு உறவினர்கள் சொல்கின்றன. சீனாவில் கிடைத்தவற்றில் இறகுகளின் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. 2004-ல் பெயரிடப்பட்ட 'மெய் லாங்', வாத்து அளவே உள்ள விலங்கு. தலையைக் கைக்கு அடியில் செருகிக்கொண்டு, கோழி உறங்குவதுபோல் சுருண்டு கிடந்த நிலையில் கல்லாகியிருந்தது. நீண்ட கால்கள், பெரிய கண்கள், உடலுக்கு ஒப்பிட்டால் பெரிய மூளை, இரண்டாம் கால்விரலில் அரிவாள் போன்ற நகம் ஆகியவை இக்குடும்பத்தின் அடையாளங்கள். பல்லி, சிறு பாலூட்டி போன்றவற்றைப் பிடித்துத் தின்றிருக்கலாம். பற்களின் அமைப்பைப் பார்த்து, தாவரங்களையும் தின்றிருக்கும் என்று சொல்வோரும் உண்டு. அமெரிக்காவில் கிடைத்த கூடுகளிலிருந்து, இவை இரண்டிரண்டாக முட்டையிட்டு அடைகாத்தன என்று தெரிகிறது.

அப்படியானால் இந்தப் பல்லில் என்ன பெரிய விசேஷம்? அதுவரை இக்குடும்பம் வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. இந்தியாவோ சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மடகாஸ்கரைப் பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கண்டங்கள் பிரிவதற்கு முன்பே இவ்விலங்குகளின் முன்னோர் உலகெங்கும் பரவியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிற்காலத்தில் ஏதோ ஒரு வழியில் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டும். எதுவானாலும், தெற்கே இவை இல்லை என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. ஆனால் ஒரு பல்லை வைத்துப் புது இனப் பெயர் சூட்ட முடியாது. இக்குடும்பம்தான் என்பதை உறுதியாக்கவும் எலும்புகள் வேண்டும்.

அந்த எலும்புகள் கிடைத்தாலும் நிலைக்க வேண்டுமே! இதே கல்லமேட்டிலிருந்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் அறிவித்த 'புருகத்காயோசாரஸ்' உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. ஆனால் அதன் எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. இன்று மிஞ்சியிருப்பவை படங்களும் எழுத்தும்தான். மறு ஆய்வு செய்ய வழியில்லாததால் அதன் அளவைப் பற்றிய வாதம் இன்னும் தீரவில்லை. மலை போன்ற விலங்கு காணாமல் போனது. சின்ன விலங்கின் பல் பத்திரமாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பரிசோதிக்கலாம்.

அரியலூர் மண்ணில் ஒவ்வொரு மழைக்கும் புதிய படிவங்கள் வெளியே வருகின்றன. அதே மழை அவற்றைக் கரைக்கவும் செய்கிறது. பார்த்தவர் எடுத்துப் பாதுகாத்தால் அது வரலாறு. விட்டுவிட்டால் வெறும் மண்தான்.