குருவின் பங்கு: தேசிய விளையாட்டு விருதுகளில் பயிற்சியாளரின் இடம்

1. பொருளும் எல்லையும்

சாதித்த வீரரையும் அவரை உருவாக்கிய பயிற்சியாளரையும் ஒரு நாடு போற்றும்போது, அந்தப் பெருமை இருவருக்கும் எப்படிப் பங்கிடப்படுகிறது? இந்திய ஒன்றிய அரசின் தேசிய விளையாட்டு விருதுகளை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மாநில அரசுகள் தரும் ஊக்கத்தொகையும் அரசு வேலையும் தனி ஆய்வுக்குரியவை.

2. விருது வரிசை

அர்ஜுனா விருது 1961இல் தொடங்கியது. முதல் பட்டியலிலேயே சதுரங்கத்துக்கு மானுவல் ஆரோன், டென்னிஸுக்கு ராமநாதன் கிருஷ்ணன் எனத் தமிழ்நாட்டவர் இருந்தனர். பயிற்சியாளருக்கான துரோணாச்சார்யா விருது 1985இல்தான் வந்தது. சீடன் பெயரில் விருது வழங்கி 24 ஆண்டுகள் ஆன பிறகே குருவின் நினைவு வந்திருக்கிறது! மிக உயரிய கேல் ரத்னா 1991-92இல் சேர்ந்தது. முதலில் பெற்றவர் விஸ்வநாதன் ஆனந்த்.

பரிசுத் தொகை இன்னும் தெளிவாகப் பேசும். 2020க்கு முன் அர்ஜுனாவுக்கும் துரோணாச்சார்யாவுக்கும் ஒரே தொகை: 5 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு உயர்த்தியபோது அர்ஜுனா 15 லட்சமானது. துரோணாச்சார்யாவிலோ, வாழ்நாள் சாதனைக்கான பிரிவில் வராத பயிற்சியாளருக்கு 10 லட்சம். இருந்த சமநிலையை உயர்வே குலைத்தது.

3. நம்பியாரும் உஷாவும்

துரோணாச்சார்யா விருதின் முதல் மூவரில் ஒருவர் ஓ.எம். நம்பியார். விமானப்படையில் பணியாற்றியவர், கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சிறுமியாக இருந்த பி.டி. உஷாவை 1976 முதல் வளர்த்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42 வினாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் நொடியின் நூறில் ஒரு பங்கில் போயிற்று. மறு ஆண்டு ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். கண்டெடுத்தவரும் கடைசிக் கோடுவரை கூடவே நின்றவரும் ஒருவரே என்பதால், யாரைப் போற்றுவது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

ஆனாலும் உஷாவுக்கு 1985இல் கிடைத்த பத்மஸ்ரீ, நம்பியாருக்கு 2021 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

4. பதக்கக் கணக்கின் குறை

துரோணாச்சார்யா விருதின் வழக்கமான பிரிவு, கடந்த நான்கு ஆண்டுகளில் சீடர்கள் பன்னாட்டுப் போட்டிகளில் காட்டிய திறத்தைப் பார்க்கிறது. இந்த அளவுகோல் தவறானதல்ல, ஆனால் குறுகியது. தடகள வீரர் ஒருவர் பள்ளி மைதானத்தில் தொடங்கி, மாவட்ட விடுதி, மாநில அணி எனக் கடந்து பட்டியாலா போன்ற தேசிய முகாமுக்குப் போவதற்குள் பல கைகள் மாறியிருப்பார். நான்கு ஆண்டுக் கணக்கு கடைசிக் கையை மட்டுமே எளிதில் காணும். வாழ்நாள் பிரிவு ஓரளவு ஈடுசெய்கிறது. அதுவும் பெயர் வெளியே தெரிந்தவர்களுக்கே பெரும்பாலும் போகிறது என்பது என் கணிப்பு.

சதுரங்கத்தில் நிலைமை வேறு. சிறு வயதில் வந்த சீடர் கிராண்ட்மாஸ்டரான பிறகும் அதே ஆசிரியரிடம் தொடர முடிகிறது. 2023ஆம் ஆண்டுக்கான பட்டியலில் ஆர். வைஷாலிக்கு அர்ஜுனா, அவருக்கும் தம்பி பிரக்ஞானந்தாவுக்கும் பயிற்சி தந்த ஆர்.பி. ரமேஷுக்குத் துரோணாச்சார்யா. பலகையில் அமையும் இந்த நீண்ட உறவு ஓடுதளத்தில் அமைவது அரிது. எல்லா விளையாட்டுக்கும் ஒரே நான்கு ஆண்டு அளவுகோலை வைப்பதில்தான் சிக்கல்.